சான்றிதழில் தேறிய ரப்பர், கிடங்கில் இறுகிய விதம்: ராணிப்பேட்டை சோல் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஆலை இது. ரப்பர் காம்பவுண்டு (ரப்பரோடு கரியும் ரசாயனமும் சேர்ந்த கலவை) கலந்து, அங்கேயே ஷூ சோல் அச்சிட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். ரப்பரைப் பிசைந்து கலக்கும் நீடர் ஒன்று, இரட்டை ரோல் மில் இரண்டு, வரிசையாக பிரஸ்கள். சோதனை அறையில் கடினத்தன்மை பார்க்கும் மீட்டரும், காம்பவுண்டு எவ்வளவு நேரத்தில் வேகிறது (சூட்டில் ரசாயன வினையால் கெட்டிப்படுகிறது) என்று காட்டும் ரியோமீட்டரும், தேய்மானம் பார்க்கும் கருவியும் இருந்தன. கச்சா ரப்பரைச் சோதிக்க எதுவும் இல்லை. நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் இதுதான் வழக்கம். கரியையும் ரசாயனத்தையும் பார்த்து வாங்குவார்கள். ரப்பர் மட்டும் சான்றிதழோடு வந்தால் நேராக மில்லுக்குப் போய்விடும்.

பல ஆண்டுகளாக இவர்கள் வாங்கிவந்தது கன்னியாகுமரி மாவட்டத்து டீலர் ஒருவரிடமிருந்து, ஆர்எஸ்எஸ் 4 என்ற புகையிட்ட ஷீட். மாதத்துக்குத் தேவையானதை மாதாமாதம் எடுப்பார்கள். பிரச்சினை வந்த ஆண்டில் வாங்கும் முறையை மாற்றினார்கள். மார்கழி, தையில் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். மாசியில் இலை உதிர்ந்தபின் வரத்து குறையும், விலையும் ஏறுவதுண்டு. எனவே தை மாதமே பல மாதத்துக்கான சரக்கை மொத்தமாக எடுத்தார்கள். அதுவும் ஷீட் இல்லை, விலை குறைந்த ஐஎஸ்என்ஆர் 20 (இந்தியத் தர இயற்கை ரப்பரில் ஒரு ரகம்) பிளாக் ரப்பர், 25 கிலோ பேல்களாக, அதாவது அமுக்கிய கட்டிகளாக. இரண்டு டீலர்களிடமிருந்து இரண்டு லாட். வசதிக்காக முதல் லாட், இரண்டாம் லாட் என்று சொல்கிறேன். இரண்டுக்கும் சான்றிதழ் இருந்தது. இரண்டுமே தேறியிருந்தன.

பேல்களை அடுக்கியது ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை கிடங்கில். மாசி, பங்குனி, சித்திரை முழுக்க அங்கேயே இருந்தன. வேலூர், ராணிப்பேட்டை வெயிலைப் பற்றி இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரம் இருக்காது, தகரத்தின் அடியில் இன்னும் மோசம்.

ரப்பர் தொழில்நுட்ப ஆலோசகராக என்னை அழைத்தபோது பிரச்சினை தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய விவரங்களை ஆலையின் பேட்ச் நோட்டிலிருந்தும் ஆட்களிடம் கேட்டதிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

கண்ணில் பட்டவை

முதலில் கண்டுபிடித்தவர் மில்காரர். இருபது ஆண்டுக்கு மேல் ரோலில் நிற்பவர். "ரோல்ல புடிக்கவே மாட்டேங்குது சார். தொங்கித் தொங்கி வருது. ரெண்டு வாட்டி ஓட்டுனாத்தான் பட்டையா படியுது" என்றார். பேல் வெட்டும் கத்திக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அடுத்து நீடர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக கரண்ட் இழுத்தது. காம்பவுண்டு வெளியே வரும்போது சூடு கூடுதலாக இருந்தது.

பிரஸ்ஸில் வேறு விதமாகத் தெரிந்தது. சோலின் ஹீல் ஓரத்தில் காம்பவுண்டு போய்ச் சேராமல் மூளி விழுந்தது. மேல்பரப்பில் ஓட்டக்கோடுகள். சில பேட்ச் மோல்டு மூடி முடிப்பதற்குள்ளேயே இறுகத் தொடங்கியது; ஆட்கள் மொழியில் "காம்பவுண்டு வெந்துபோச்சு". ரிஜெக்ஷன் கூடியது. ஷூ கம்பெனி ஒன்று ஒரு லோடையே திருப்பி அனுப்பியது.

எல்லோரையும் குழப்பியது ஒரு விஷயம்: ஒழுங்காக அச்சாகி வந்த சோலை எடுத்துச் சோதித்தால் கடினத்தன்மை சரி, தேய்மானம் சரி. அப்படியானால் கலவை விகிதத்தில் தவறில்லை. ஆனாலும் பேட்சுக்குப் பேட்ச் நடத்தை மாறியது. ஒரு நாள் நல்லபடி ஓடும், மறுநாள் ஓடாது. பேட்ச் நோட்டில் கரியின் லாட், ஆக்சிலரேட்டர் (வேகும் வினையை விரைவாக்கும் ரசாயனம்) லாட், நீடர் நேரம் எல்லாம் எழுதியிருந்தார்கள். ரப்பர் எந்த லாட் என்ற கட்டமே அந்த நோட்டில் இல்லை.

எனக்கு முன் செய்து பார்த்தவை

கரியை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. ஆக்சிலரேட்டரைக் குறைத்தார்கள், வெந்துபோவது கொஞ்சம் தணிந்தது, ஆனால் பிரஸ் நேரம் நீண்டு உற்பத்தி விழுந்தது. அப்புறம் பழி இரவு ஷிப்ட் மில்காரர் மேல் திரும்பியது. நேரம் பார்க்காமல் ஓட்டிக் காம்பவுண்டைச் சூடேற்றுகிறார் என்று முதலாளி நினைத்தார். அவரை நிறுத்திவிடும் பேச்சும் நடந்தது. இரண்டு ஷிப்டிலும் தவறு ஒரே அளவில் இருக்கிறது என்பதை நோட்டைப் பார்த்த யாரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஒரு பொருள் சரியில்லை என்றால் அதைத் தொட்ட கையை முதலில் சந்தேகிக்கும் பழக்கம் நம் ஆலைகளில் ஆழமாக இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருவது.

மூன்றாவதாக, காம்பவுண்டை இளக்க எண்ணெயைக் கூட்டினார்கள். மோல்டு நிரம்பியது. ஆனால் சோலின் கடினத்தன்மை இறங்கியது, தேய்மானம் கெட்டது. இரண்டு வாரத்தில் அதைக் கைவிட்டார்கள்.

நான்காவது முயற்சிதான் நிலைமையை மோசமாக்கியது. யாரோ சொன்னார்கள், ரப்பர் உறைந்தால் விறைக்கும், சூடான அறையில் வைத்தால் இளகும் என்று. அது பொய்யில்லை. குளிர் நாடுகளில் நடப்பது அது. ரப்பர் மூலக்கூறுகள் குளிரில் ஒழுங்காக அடுக்கில் அமைந்து படிகமாகும், பேல் கல்லாகும்; சூடேற்றினால் படிகம் உருகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். ராணிப்பேட்டையில் சித்திரை மாதம் எந்த ரப்பரும் உறைய வாய்ப்பில்லை. இருந்தாலும் பேல்களின் பாலித்தீன் உறையைக் கிழித்து, பாய்லர் அறைக்குப் பக்கத்திலும் வெயிலிலும் வைத்தார்கள். வெளித்தோல் பிசுபிசுத்தது. அதைப் பார்த்து இளகிவிட்டது என்று நம்பினார்கள். உள்ளே இன்னும் இறுகியது.

அழுக்கு வேறு, ரப்பரோடு பிறந்தது வேறு

முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சரக்குல அசுத்தம் இருக்கா சார்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல இரண்டு வகை அசுத்தத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஒன்று வெளியிலிருந்து சேர்வது: மண், மரப்பட்டைத் துணுக்கு, சாக்கு நார். ஐஎஸ்என்ஆர் 20 என்ற பெயரில் உள்ள 20 இதைத்தான் குறிக்கிறது. சிரட்டையில் தானாக உறைந்த கட்டிகளையும், ஒட்டுபாலையும் (மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய பால்) கழுவி, பொடித்து, உலர்த்தி அமுக்கிய பிளாக் இது. சல்லடையில் தங்கும் அழுக்குக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. ஐஎஸ்என்ஆர் 5 என்றால் அந்த வரம்பு இன்னும் குறைவு.

இன்னொன்று மரம் தந்த பாலிலேயே இருப்பது. உலர்ந்த ரப்பரில் சுமார் 93 அல்லது 94 சதவீதம்தான் ரப்பர் ஹைட்ரோகார்பன். மீதியில் புரதம், பாஸ்போலிப்பிடு உள்ளிட்ட கொழுப்புகள், கொழுப்பமிலங்கள், கொஞ்சம் தாது உப்பு, மிச்ச ஈரம். இவற்றையும் அசுத்தம் என்றே எழுதுகிறோம். ஆனால் இவை ரப்பருக்குள் சும்மா கிடப்பவை அல்ல. ரப்பர் மூலக்கூறின் உருவத்தையே தீர்மானிப்பவை.

இயற்கை ரப்பர் என்பது சிஸ்-1,4-பாலிஐசோபிரீன் என்று பாடத்தில் படிக்கிறோம். ஒரே மாதிரி ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்த நேர்ச்சங்கிலி. மூலக்கூறு எடை 10 லட்சம் என்று வைத்தால், ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 15,000 அலகுகள். இதே வேதியியல் வாய்பாட்டில் தொழிற்சாலையில் செய்யும் செயற்கைப் பாலிஐசோபிரீனும் உண்டு. இரண்டையும் மில்லில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை ஒன்றல்ல. வேகவைக்காத நிலையிலேயே இயற்கை ரப்பருக்கு இழுவலிமை அதிகம். செயற்கையானது ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் இப்படி இறுகுவதில்லை. வித்தியாசம் சங்கிலியின் இரு முனைகளில் இருக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர் யசுயுகி தனகாவும் அவரோடு பணியாற்றியவர்களும் பல ஆண்டு உழைத்து இந்த முனைகளை விளக்கினார்கள். சங்கிலி தொடங்கும் முனையில் இரண்டு அலகுகள் மட்டும் டிரான்ஸ் வடிவில் இருக்கின்றன, அந்த முனையோடு புரதம் சேர்ந்திருக்கிறது. சங்கிலி முடியும் முனையில் பாஸ்பேட் தொகுதி, அதோடு பாஸ்போலிப்பிடு. ஒரு சங்கிலியின் புரத முனை இன்னொன்றின் புரத முனையோடு ஹைட்ரஜன் பிணைப்பால் சேரும். பாஸ்போலிப்பிடு முனைகள் பலவாகத் திரண்டு கூடும். இப்படி முனையோடு முனை சேரச் சேர, நேர்ச்சங்கிலிகள் கிளை கிளையான பெரிய மூலக்கூறாகின்றன. இன்னும் கூடினால் வலை. கரைப்பானில் கரையாமல் ஊதி நிற்கும் இந்த வலைப்பகுதியை ஜெல் என்கிறோம்.

இதற்குச் சோதனை ஆதாரம் தெளிவானது. ரப்பர் பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதியை விட்டுப் புரதத்தை நீக்கினால் ஜெல் பெருமளவு குறைகிறது. கொழுப்பமில எஸ்டர் பிணைப்புகளையும் சோடியம் மெத்தாக்சைடு கொண்டு முறித்தால் மீதிக் கிளைகளும் பிரிந்து, மூலக்கூறு நேர்ச்சங்கிலியாகிறது.

கிடங்கில் இறுகுவதும் இதன் தொடர்ச்சிதான். மரத்திலிருந்து எடுத்துப் பல மாதம் ஆன பின்னும் முனைகளும் சங்கிலியின் நடுவே இருக்கும் சில வேறுபட்ட தொகுதிகளும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. மலேசியாவில் ரப்பர் ஆராய்ச்சியை முன்னெடுத்த பி.சி. சேகர் காலத்திலேயே இதைக் கண்டுகொண்டு, சங்கிலியில் உள்ள ஆல்டிஹைடு போன்ற தொகுதிகள் காரணம் என்றார்கள். ஹைட்ராக்ஸிலமீன் உப்பைச் சிறிதளவு சேர்த்தால் அது அந்தத் தொகுதியைப் பிடித்துக்கொண்டு இறுகுவதைத் தடுக்கிறது. நிலைப் பிசுப்பு ரப்பர், அதாவது சிவி ரப்பர், உருவானது அப்படித்தான். பின்வந்த ஆய்வுகள் பாஸ்போலிப்பிடின் கொழுப்பமில எஸ்டர்களுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டின. எது எப்படியானாலும் நடைமுறைக்கு வேண்டிய உண்மை ஒன்று உறுதி: ஈரம் குறைந்தால், சூடு கூடினால், இந்த வினை வேகமெடுக்கும். சோதனைச்சாலையில் இதை வேகப்படுத்திப் பார்க்க ரப்பரை 60 டிகிரியில் பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு என்ற கடும் ஈரம் உறிஞ்சியோடு அடைத்து ஒரு நாள் வைப்பார்கள். கத்திரி வெயிலில் தகரக் கிடங்கு கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் மாதக்கணக்கில் செய்தது.

சான்றிதழ் ஏன் இதைச் சொல்லவில்லை

சான்றிதழை எடுத்து வைத்துப் பார்த்தோம். பிளாக் ரப்பருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 4588 கேட்பவை: அழுக்கு, சாம்பல், ஆவியாகும் பொருள், நைட்ரஜன், தொடக்கப் பிளாஸ்டிசிட்டி (சூட்டில் அமுக்கினால் ரப்பர் எவ்வளவு நசுங்காமல் நிற்கிறது என்ற எண்; கூடினால் இறுகல் அதிகம்), பிஆர்ஐ. நைட்ரஜன் 0.6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. புரத அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய அது. பிஆர்ஐ என்பது 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்தபின் பிளாஸ்டிசிட்டி எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்; ஆக்சிஜன் ரப்பரை எவ்வளவு சிதைக்கும் என்பதைச் சொல்லும்.

தொடக்கப் பிளாஸ்டிசிட்டிக்கு அளவு: குறைந்தது 30. மேல்வரம்பு கிடையாது. இந்த அளவு எழுதப்பட்டது சிதைந்து இளகிய ரப்பரை ஒதுக்குவதற்கு. இறுகிய ரப்பரைப் பொறுத்தவரை எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறும். தவிர, சான்றிதழ் தை மாத நிலையைச் சொல்கிறது. மில்லில் போட்டது வைகாசியில்.

செய்த சோதனைகள்

இரண்டு சோதனைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று வெளியே அனுப்ப வேண்டியது, மற்றது ஆலையிலேயே செய்யக்கூடியது.

வெளிச் சோதனைக்கு இரண்டு லாட்டிலிருந்தும், கிடங்கின் மேல் அடுக்கு, அடி அடுக்கு, பாய்லர் அறைப் பக்கம் வைத்தவை என்று தனித்தனியாக மாதிரி எடுத்துப் பிளாஸ்டிசிட்டியும் நைட்ரஜனும் பார்க்க அனுப்பினோம். பிளாஸ்டிசிட்டி சோதனை எளிமையானது. சிறு ரப்பர் வில்லையை 100 டிகிரியில் சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே 15 விநாடி லேசாக அமுக்கிச் சூடேற்றி, பிறகு 100 நியூட்டன் விசையில் 15 விநாடி அமுக்கிவைத்து, மிஞ்சிய தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக எண்ணுவார்கள். 0.30 மில்லிமீட்டர் என்றால் 30.

ஆலையில் செய்தது டொலுயீன் சோதனை. பேலின் நடுவிலிருந்து வெட்டிய ரப்பரை அரிசி அளவு துண்டுகளாக்கி, பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில் டொலுயீன் ஊற்றிப் போட்டு, குலுக்காமல், இருட்டு அலமாரியில் வைத்தோம். டொலுயீன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பிரஸ் பக்கமே வராத அறையில், பூட்டி வைத்தோம். சில நாள் கழித்துத் திறந்தபோது முதல் லாட் பாட்டிலில் துண்டுகள் மறைந்து மஞ்சள் நிறக் கெட்டித் திரவம் இருந்தது, அடியில் கொஞ்சம் மட்டும் கலங்கல். இரண்டாம் லாட் பாட்டிலில் துண்டுகள் ஊறின ஜவ்வரிசி மாதிரி பல மடங்கு ஊதி, ஓரம் தெரிய அப்படியே நின்றன. மேலே இருந்த டொலுயீன் கிட்டத்தட்ட தண்ணீர் பதத்தில் இருந்தது. பாய்லர் அறைப் பக்கம் வைத்த மாதிரி இன்னும் கெட்டியான உருண்டைகளாக நின்றது.

மில்காரரை அழைத்து அந்த மூன்று பாட்டிலையும் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதத்தான் சார் நான் ஒரு மாசமா சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

அடுத்து ஒவ்வொரு பாட்டிலிலும் டொலுயீனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எத்தனால் சேர்த்து மறுபடி வைத்தோம். இதன் காரணம்: எத்தனால் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கும். புரத முனைகளின் சேர்க்கையால் மட்டும் நிற்கும் மென்ஜெல் அதில் கரையத் தொடங்கும். முதல் லாட்டின் அடிக்கலங்கல் தெளிந்தது. இரண்டாம் லாட்டின் உருண்டைகள் கொஞ்சம் தளர்ந்தன, கரையவில்லை. அதாவது புரதக் கூட்டுக்கு மேல், எளிதில் பிரியாத இணைப்புகள் அதில் விழுந்திருந்தன. பேராய்வுக் கூடத்தின் துல்லியம் இதில் இல்லை. ஆனால் எந்த பேலை மில்லில் போடலாம், எதைத் தனியாகக் கையாள வேண்டும் என்று முடிவெடுக்க இது போதும்.

வெளிச் சோதனை முடிவும் ஒத்துப்போனது. முதல் லாட் சான்றிதழில் இருந்த அளவைவிடச் சற்றே ஏறியிருந்தது. இரண்டாம் லாட் சான்றிதழில் 40-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 50-ஐத் தாண்டியிருந்தது. கூரைக்கு அருகில் இருந்த மேல் அடுக்கு பேல், அடி அடுக்கைவிட அதிகம். அடி அடுக்கைப் போடும் நாளில் ஆலை நன்றாக ஓடியதும், மேல் அடுக்கைப் போடும் நாளில் முரண்டு பிடித்ததும் இதனால்தான்.

வெந்துபோன பிரச்சினை: இரண்டு வேர்

காம்பவுண்டு முன்கூட்டியே வெந்துபோவதற்கு முதல் காரணம் இறுகலேதான். விறைத்த ரப்பரைக் கலக்கும்போது உராய்வுச் சூடு கூடும். மோல்டுக்குப் போகும் முன்பே வேகும் அவகாசத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கோடையில் மில் ரோலுக்குள் ஓடும் தண்ணீரே சூடாக இருந்தது. பாலாறு வறண்டு, போர் மட்டம் இறங்கி, தொட்டித் தண்ணீரையே சுற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நோட்டில் சில பேட்ச், இறுகாமல் மென்மையாக இருந்தும் வெந்துபோயிருந்தன. அதைத் தேடியபோது இடையில் சான்றிதழ் இல்லாமல் மலிவாக வாங்கிய கொஞ்சம் பிளாக் ரப்பர் தெரியவந்தது. அதன் நைட்ரஜன் 0.6-ஐ வெகுவாகத் தாண்டியிருந்தது. ரப்பர் பாலைச் சுழற்றிச் செறிவாக்கும்போது மிஞ்சும் நீர்த்த பாலில் கிடைக்கும் ஸ்கிம் ரப்பர் கலந்த சரக்கு. ஸ்கிம் ரப்பரில் புரதம் மிக அதிகம், அந்தப் புரதமும் அதன் சிதைவுப் பொருள்களும் ஆக்சிலரேட்டர் வேலையைச் செய்துவிடும். அந்த மிச்சத்தை ஒதுக்கியதோடு இந்தப் பகுதி தீர்ந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

புரதமும் கொழுப்பும்தான் சிக்கல் என்றால் புரதம் நீக்கிய ரப்பரே வாங்கிவிடலாமே என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் தருவித்து ஓட்டியும் பார்த்தோம். அது மில்லில் அழகாகப் படிந்தது. ஆனால் பச்சைக் காம்பவுண்டு (இன்னும் வேகாத காம்பவுண்டு) பட்டை தளதளவென்று இருந்தது, மோல்டுக்கு எடுத்துப் போகும்போதே இழுபட்டது. வேகவும் நேரம் பிடித்தது. இயற்கை ரப்பரின் பச்சை வலிமைக்கும், இழுக்கும்போது படிகமாகி உறுதிப்படும் குணத்துக்கும் இதே புரத, கொழுப்பு முனைகள் துணைசெய்கின்றன. பாலில் உள்ள டோகோட்ரையீனால் போன்றவை இயற்கையான ஆக்சிஜன் தடுப்பான்கள். கொழுப்பமிலங்கள் வேகும் வினைக்கு உதவுகின்றன. இவற்றை எல்லாம் கழித்துவிட்டு அதிக விலை கொடுப்பது சோலுக்குப் பொருந்தாது. நுண்ணிய பொறியியல் உதிரிகளுக்கு அந்த ரப்பர் அருமையானது, அது வேறு விஷயம். எனவே பிறவிப் பொருள்களை நீக்க முயலாமல், அவை செய்யும் மாற்றத்தை அளந்து கட்டுப்படுத்துவது என்று முடிவெடுத்தோம்.

கிடங்கில் இறுகிப்போன சரக்கை வீணாக்க வேண்டியதில்லை. அதைத் தனியாக முன்கூட்டியே மில்லில் பிசைந்து, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு கலவைக்கு எடுத்தோம். பிசைவதை அதிகாலை ஷிப்டுக்கு மாற்றியதற்குக் காரணம் உண்டு. மில்லின் இழுவிசைதான் சங்கிலியை அறுக்கிறது. அறுந்த நுனியை ஆக்சிஜன் பிடித்துக்கொள்வதால் அது மீண்டும் ஒட்டாது. ரப்பர் சூடாகி இளகினால் இழுவிசை குறையும். 100, 110 டிகிரி பக்கம் இந்த வேலை மிக மந்தம். மதியம் சூடான ரோலில் கூடுதல் நேரம் ஓட்டி ஆட்கள் பட்ட பாடு பெரும்பாலும் வீண்தான். காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது, சிறு சிறு அளவாக, ரோல் இடைவெளியை நெருக்கி ஓட்டியதில் குறைந்த நேரத்தில் இளகியது.

பெப்டைசர் என்ற இளக்கி ரசாயனத்தை எல்லாப் பேட்சிலும் போட்டுவிடலாம் என்ற யோசனையை மறுத்தேன். இறுகாத பேலில் அதைப் போட்டால் சங்கிலி தேவைக்கு மேல் அறுந்து சோலின் தேய்மானம் கெடும். இரண்டாம் லாட்டின் மேல் அடுக்குக்கு மட்டும், சிறிதளவு.

மோல்டு வடிவம் மிக நுணுக்கமான ஒரு சோலுக்கு மட்டும் சிவி ரப்பர் எடுத்தோம். விலை கூடுதல் என்றாலும் அந்த ஒன்றின் ரிஜெக்ஷனே விலை வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

பேல்களை ஓட்டுக் கூரை அறைக்கு மாற்றினார்கள். உறையைக் கிழிப்பது மில்லுக்குப் போகும் அன்றுதான். பேட்ச் நோட்டில் ரப்பர் லாட், வந்த மாதம், இரண்டுக்கும் கட்டம் சேர்த்தார்கள்.

பின்விளைவு

முதல் வாரத்திலேயே மோல்டு நிரம்பத் தொடங்கியது. நீடர் கரண்ட் பழைய அளவுக்கு இறங்கியது. எண்ணெய் அளவைப் பழையபடி வைத்ததால் தேய்மானமும் சரியாக வந்தது. ரிஜெக்ஷன் முழுக்க ஒழியவில்லை. பாய்லர் அறைப் பக்கம் வைத்த பேல்களில் வெளித்தோல் சிதைந்தும் உள்ளே இறுகியும் இருந்ததால் எவ்வளவு பிசைந்தாலும் ஒரே சீராக வரவில்லை. அவற்றைத் தோற்றம் முக்கியமில்லாத உள் ஹீல் துண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்தார்கள். அதில் நட்டம்தான்.

இரவு ஷிப்ட் மில்காரர் வேலையில் தொடர்கிறார். காலைப் பிசைவுக்கு அவரையே பொறுப்பாக்கினார்கள். மழைக்காலம் தொடங்கியபின் வாங்கிய லாட் கிடங்கில் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. காற்றில் ஈரமும் மிதமான சூடும் அதற்கு உதவின.

இனி மாற்ற வேண்டியவை

வாங்கும்போதே பிளாஸ்டிசிட்டிக்கு மேல்வரம்பு கேட்க வேண்டும். தரநிர்ணயத்தில் இல்லாவிட்டாலும் வாங்குபவர் தன் ஆர்டரில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. வேகப்படுத்திய இறுகல் சோதனையில் பிளாஸ்டிசிட்டி ஏற்றம் 8-க்கு மேல் போகக்கூடாது என்பது சிவி ரப்பருக்கு உள்ள அளவு. சாதாரண பிளாக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கோடைக்கு முன் வாங்கும் லாட்டுக்கு அந்தச் சோதனையைச் செய்து ஏற்றத்தை அறிந்துகொண்டால், எந்த லாட்டை முதலில் தீர்ப்பது என்று முடிவெடுக்கலாம்.

தையில் மலிவாக வாங்கிக் கோடை முழுக்க வைப்பது வட ஆற்காட்டு வெயிலில் உண்மையில் மலிவா என்று கணக்குப் போட வேண்டும். இந்த ஆலைக்கு இல்லை. கரண்ட், கூடுதல் பிசைவு, ரிஜெக்ஷன் மூன்றையும் சேர்த்தால் விலையில் மிச்சம் பிடித்தது கரைந்துவிட்டது. கேரளத்திலோ குலசேகரம் பக்கமோ இதே ரப்பரை இதே காலம் வைத்திருந்தால் ஈரக்காற்றில் இவ்வளவு இறுகியிருக்காது. அங்கிருக்கும் டீலர்கள் "எங்க கிடங்குல இப்படி ஆனதே இல்லை" என்று சொன்னபோது அவர்கள் பொய் சொல்லவில்லை.

டொலுயீன் பாட்டில் சோதனை இப்போது ஒவ்வொரு லாட்டுக்கும் நடக்கிறது. செலவு சொற்பம், கருவி வேண்டாம், பார்த்தவுடன் மில்காரருக்கும் முதலாளிக்கும் ஒன்றாகப் புரிகிறது.

இரண்டு டீலர்களிடமும் புதிய நிபந்தனைகளைச் சொன்னார்கள். முதல் லாட் தந்தவர் ஒப்புக்கொண்டார். எந்த மாதத்துப் பால், எவ்வளவு நாள் கட்டியாகக் கிடந்தது என்ற விவரத்தையும் எழுதி அனுப்புகிறார். இரண்டாமவர் மேல்வரம்பை ஏற்கவில்லை. அவரிடம் இப்போது மழைக்கால மாதங்களில் மட்டும், ஒரு மாதத் தேவைக்கு மேல் போகாமல் வாங்குகிறார்கள்.